சிங்கத்தின் மூக்கு எங்கே போனது?

வா தம்பி, வா பாப்பா! பள்ளிக்கு விடுமுறை விட்டாயிற்று. நம் ஊர் தாமல் ஏரிக்கரையில் ஆசை தீர ஓடியாடியும் ஆயிற்று. இன்றைக்குக் காஞ்சிபுரம் போய் ஒரு கோயிலைப் பார்த்துவிட்டு வரலாமா? சாமி கும்பிடலாம், கூடவே கல்லையும் கொஞ்சம் படிக்கலாம்.

உன்னைப் போல ஒரு கெட்டிக்காரப் பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். “மாமா, கைலாசநாதர் கோயில் தூண்களில் எத்தனை சிங்கம்! ஆனால் நிறையச் சிங்கங்களுக்கு மூக்கைக் காணோமே. யார் உடைத்தது?”

அருமையான கேள்வி! கோயிலுக்குப் போகிற எல்லோரும் சிங்கத்தைப் பார்க்கிறார்கள். அதன் மூக்கைக் காணோம் என்று கவனிக்க ஒரு தனிக் கண் வேண்டும். அந்தக் கண் உனக்கும் இருக்கிறது. அதனால்தான் இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய்.

விடையை உடனே சொல்லிவிட மாட்டேன். முதலில் போய்ச் சேருவோம்.

தாமலிலிருந்து பெங்களூர் சாலையில் கிழக்கே போனால் காஞ்சிபுரம். கைலாசநாதர் கோயில் ஊரின் மேற்கு ஓரத்தில், நம் தாமல் பக்கமாகவே இருக்கிறது. பெரிய கோயில்களைச் சுற்றியிருக்கும் கடைத்தெருச் சந்தடி இங்கே கிடையாது. முன்னால் புல்வெளி. கோயிலுக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி, ஒரு பெரிய நந்தி. வெளியே ஒரு வரிசையில் சின்னச் சின்னக் கோயில்கள். அதில் ஒன்றைக் கட்டியவர் ஓர் அரசி. பெயர் ரங்கபதாகை. அவருடைய கணவர்தான் உள்ளே இருக்கும் பெரிய கோயிலைக் கட்டிய பல்லவ மன்னர். இரண்டாம் நரசிம்மவர்மன் என்று பெயர். ராஜசிம்மன் என்றும் சொல்வார்கள். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைக் கட்டியவரும் இவர்தான். காலம் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். அதாவது, இந்தச் சுவர்கள் ஏறக்குறைய 1,300 மழைக்காலங்களைப் பார்த்துவிட்டன.

இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள். பிறகு வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் நீ திகைத்துப் போவாய். சுவர் என்று வெறுமையாக ஓர் இடம் இருந்தால்தானே! எங்கே பார்த்தாலும் சிவன், உமை, கணங்கள், பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும் சிங்கங்கள், யாளிகள். முற்றத்தைச் சுற்றி மதிலோடு ஒட்டினாற்போல் 58 சிற்றறைகள். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கோயில். நடுவில் பெரிய விமானம். கருவறையில் பதினாறு பட்டை கொண்ட கருநிற லிங்கம். கருவறையைச் சுற்றிவர ஒரு குறுகலான வழி இருக்கிறது. பெரியவர்கள் அதில் தவழ்ந்துதான் போக வேண்டும். உனக்கு அது கொண்டாட்டம்.

சரி, இப்போது ஓர் இடத்தில் நில். இவ்வளவு நுணுக்கமான வேலை எப்படி முடிந்தது? சிற்பிகள் திறமைசாலிகள், சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களுக்கு இன்னொரு துணையும் இருந்தது. அது கல். இந்தக் கோயிலின் பெரும்பகுதி மணற்கல்லால் ஆனது.

மணற்கல் எப்படிப் பிறக்கிறது? நம் பாலாற்றையே எடுத்துக்கொள். கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து வருகிற ஆறு. வெயிலும் மழையும் மலைப்பாறையை உடைக்கும். உடைந்த துகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு வரும். உருண்டு உருண்டு அது மணலாகும். இப்படித்தான் ஆதிகாலத்து ஆறுகளும் கடல்களும் மணலை அடுக்கடுக்காகப் படிய வைத்தன. மேலே மேலே மண் விழுந்து அடியில் இருந்த மணலை அழுத்தியது. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, சுண்ணம், இரும்புச் சத்து ஆகியவை மணல் துகள்களுக்கு இடையில் படிந்து அவற்றை ஒட்டவைத்தன. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மணல் கல்லாயிற்று.

பாட்டி பிடித்த எள்ளுருண்டையைக் கையில் எடுத்துப் பார். எள் தனித்தனியாகத்தான் இருக்கிறது. வெல்லப்பாகு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. மணற்கல்லும் இப்படித்தான். மணல்தான் எள். இடையில் படிந்த சத்துதான் பாகு. உருண்டையை உற்றுப் பார்த்தால் எள்ளுக்கும் எள்ளுக்கும் நடுவே குட்டிக் குட்டி இடைவெளி தெரியும். மணற்கல்லிலும் அந்த இடைவெளி உண்டு.

புரிகிறதா? இந்த இடைவெளியை மறந்துவிடாதே. நம் கதையே அதில்தான் இருக்கிறது.

கருங்கல்லின் பிறப்பு வேறு. பூமிக்குள்ளே உருகிக் கிடந்த பாறைக் குழம்பு மெல்ல மெல்லக் குளிர்ந்தபோது அதில் படிகங்கள் வளர்ந்தன. ஒன்றையொன்று கோத்துக்கொண்டு, இடைவெளியே விடாமல் வளர்ந்தன. அதனால் கருங்கல் இறுகிய கல். உளி பட்டால் எளிதில் விட்டுக்கொடுக்காது. கருங்கல்லில் அழகாகச் செதுக்கவே முடியாதா என்று கேட்காதே. மாமல்லபுரம் போயிருந்தால் அங்கே பாறையில் நிற்கும் யானைகளைப் பார்த்திருப்பாய். முடியும். ஆனால் பாடும் நாளும் மிக அதிகம். மணற்கல்லில் உளி இறங்குவது சுலபம். சிங்கத்தின் பிடரி மயிர், கணங்களின் தொந்தி, தேவியின் நகை என்று ஒவ்வொன்றையும் ஆழமாகக் குடைந்து எடுக்கலாம். கைலாசநாதர் கோயில் இவ்வளவு அலங்காரமாக இருப்பதற்கு இந்த மென்மையும் ஒரு காரணம்.

இனி ஒரு சின்னச் சோதனை. வீட்டிலேயே செய்யலாம். ஒரு செங்கல் துண்டின் மீது இரண்டு சொட்டுத் தண்ணீர் விடு. அம்மியின் மீதும் இரண்டு சொட்டு விடு. செங்கல்லின் மீது விட்ட நீர் எங்கே போயிற்று? உள்ளே இழுத்துக்கொண்டது. அம்மியின் மீது விட்டது அப்படியே நிற்கிறது, அல்லது வழிந்து ஓடுகிறது. செங்கல்லில் இருப்பதைப் போலவே மணற்கல்லிலும் நுண்துளைகள் உண்டு. அதுவும் நீரைக் குடிக்கும்.

இன்னொன்று. தட்டில் கொஞ்சம் மைத்தண்ணீர் ஊற்றி, ஒரு சாக்பீஸை அதில் செங்குத்தாக நிறுத்து. பொறுமையாகப் பார். நிறம் கீழிருந்து மேலே ஏறுகிறதா? யாரும் தூக்கிவிடவில்லை. நுண்ணிய துளைகளுக்குள் நீர் தானாகவே ஏறும். இதற்கு நுண்துளை ஏற்றம் என்று பெயர். உன் வீட்டுப் பழைய சுவரில் அடிப்பக்கம் ஈரமாக இருந்தால் அம்மா என்ன சொல்வார்? “சுவரில் ஓதம் ஏறுது” என்பார். அதுதான் இது.

இப்போது மூக்குக்கு வருவோம்.

தரையிலிருந்து ஏறும் நீர் வெறும் நீராக ஏறாது. மண்ணில் உள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு ஏறும். மழைநீரும் கல்லுக்குள் போகும். அப்புறம் வெயில் அடிக்கும். நீர் ஆவியாகிப் போய்விடும். உப்பு எங்கே போகும்? அது ஆவியாகாது. கல்லின் துளைக்குள்ளேயே படிகமாக உறையும். படிகம் வளரும்போது பக்கத்தில் இருக்கும் மணலை நெட்டித் தள்ளும். மறுபடி மழை வந்தால் உப்பு கரையும். மறுபடி வெயில் வந்தால் உறையும். ஒவ்வொரு தடவையும் சின்னதாக ஒரு தள்ளு. ஒரு நாள் பாகு விட்டுப்போகும். எள் உதிரும்.

சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து விழுவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? கல்லிலும் அதேதான் நடக்கிறது. மிக மெதுவாக நடக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் மூக்கு முதலில் போகிறது? நீயே யோசி. சிங்கத்தின் முதுகு தூணோடு ஒட்டியிருக்கிறது. அதற்கு ஒரு பக்கம்தான் வெளி. மூக்கோ முன்னால் துருத்திக்கொண்டிருக்கிறது. மேலே, கீழே, இடம், வலம் என்று எல்லாப் பக்கமும் மழை படுகிறது, வெயில் படுகிறது, காற்று படுகிறது. தின்னப்படும் பரப்பு அதிகம், உள்ளே இருக்கும் கல்லோ கொஞ்சம். அதனால் மூக்கும் காதும் விரல் நுனியும் முதலில் தேயும், கன்னம் பிறகு தேயும், முதுகு கடைசியில். கையால் உடைந்தவையும் சில இருக்கலாம். ஆனால் மழுங்கி, பொடிந்து நிற்கும் சிங்கங்களைத் தேய்த்தது மழையும் வெயிலும் உப்பும்தான். 1,300 மழைக்காலங்கள் என்று சொன்னேனே, அவற்றின் வேலை.

உளிக்கு வழிவிட்ட மென்மைதான் மழைக்கும் வழிவிட்டது. அலங்காரமும் தேய்மானமும் ஒரே கல்லின் குணம்.

பல்லவச் சிற்பிகளுக்கு இது தெரியாதா என்ன? கோயிலின் அடிப்பகுதியைக் குனிந்து பார். எல்லாம் மணற்கல்லாக இருக்காது. அடித்தளத்தின் கீழ் வரிசையும் மேல் வரிசையும் கருங்கல். கருங்கல் மொத்த எடையையும் தாங்கும். நீரும் அதில் எளிதாக ஏறாது. அலங்காரம் வேண்டிய இடத்தில் மென்கல், பாரம் விழுகிற இடத்தில் வன்கல். புத்தகப் பொறியியல் பிறப்பதற்கு முன்பே எவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார்கள், பார்! எனக்கு இந்தக் கோயிலில் மிகவும் பிடித்த இடம் இந்த அடித்தளம்தான். யாரும் படம் எடுக்காத இடம்.

களைப்பாக இருக்கிறதா? சிற்றறை நிழலில் கொஞ்சம் உட்காரு. அங்கே இன்னொரு அதிசயம் இருக்கிறது.

இந்தக் கல்லை அவர்கள் வெறும் கல்லாக விடவில்லை. மேலே சன்னமாகச் சுண்ணாம்புச் சாந்து பூசி, வண்ணம் தீட்டினார்கள். நாம் இன்று பார்ப்பது பழுப்புக் கோயில். ராஜசிம்மன் பார்த்தது வண்ணக் கோயில்.

சுண்ணாம்பின் கதை ஒரு வட்டக் கதை. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் போட்டுச் சுடுவார்கள். ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் அதற்குள்ளிருந்து கரியமில வாயு வெளியே ஓடிவிடும். 100 கிராம் தூய சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் 56 கிராம்தான் மிஞ்சும். மீதி 44 கிராம் வாயுவாகப் போய்விட்டது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். (இதைப் பெரியவர்கள் மட்டுமே செய்ய வேண்டும். நீ கிட்டே போகாதே. கண்ணில் தெறித்தால் பெரும் ஆபத்து.) நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துச் சாந்தாக்குவார்கள். நம் நாட்டுக் கொத்தனார்கள் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பது உண்டு. சுவரில் பூசிய பிறகு அந்தச் சாந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொள்ளும். ஓடிப்போன வாயு திரும்பி வந்தது போலத்தான். சாந்து மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகிவிடும்.

எங்கே, நீ ஒரு தடவை சொல்லு பார்ப்போம். கல், சூடு, வாயு போனது, தண்ணீர், சாந்து, வாயு வந்தது, கல். சரியாகச் சொன்னாய்!

அந்தச் சுண்ணாம்பின் மீதுதான் ஓவியம். பிற்காலத்தில் பல தடவை பழுது பார்த்து, சாந்து பூசி, வெள்ளையடித்ததில் பழைய ஓவியங்கள் மறைந்து போயின. அவை இருப்பதே பலருக்குத் தெரியாமல் போயிற்று. 1931-இல் புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ராய் அவற்றைக் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னார். ஒரு சிற்றறைச் சுவரில் சோமாஸ்கந்தர் ஓவியம் இருக்கிறது. சிவனும் உமையும், நடுவே குழந்தை முருகனும். முழுதாக இல்லை. ஆங்காங்கே கோடும் நிறமும் மட்டும். ஆனாலும் நின்று நிதானமாகப் பார்த்தால் உருவம் கண்ணுக்குள் வந்து சேரும்.

இவ்வளவு காலம் நிறம் எப்படி நின்றது? ஓவியர்கள் எடுத்தவை மண்ணும் கல்லும் தந்த நிறங்கள். காவி என்பது என்ன தெரியுமா? இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். கிணற்றடியில் கிடக்கும் பழைய வாளியின் துருவும் இதன் உறவுதான். மஞ்சள் காவியில் கூடவே கொஞ்சம் நீரும் சேர்ந்திருக்கும். அதைச் சுட்டால் நீர் போய்ச் சிவப்பாகும். இந்தக் கனிம நிறங்களை வெயில் அவ்வளவு எளிதில் வெளுக்க வைக்க முடியாது. பட்டுச் சாயம் அப்படி அல்ல. அதனால்தான் தறி வீட்டில் பட்டுச் சேலையை நிழலில் உலர்த்தச் சொல்வார்கள். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் சாயத்தின் மூலக்கூறுகளை உடைத்துவிடும்.

சிற்றறைக்குள் மழைச்சாரல் குறைவு, வெயிலும் குறைவு. ஓவியம் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சேலை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. காஞ்சிப் பட்டின் கரையில் யாளியும் அன்னமும் நெய்கிறார்களே, அந்த உருவங்களுக்கு வீடு கோயில் சுவர்கள்தான். தேய்ந்த யாளியின் முகம் முழுதாக எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லையா? அம்மாவின் கல்யாணப் பட்டை ஒரு தடவை விரித்துப் பார்.

உலகத்தில் இந்த மணற்கல் கவலை நமக்கு மட்டும் இல்லை. பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் என்ற ஊரில் ஒரு பேராலயம் இருக்கிறது. 142 மீட்டர் உயரம். 1439-இல் கட்டி முடித்த கோபுரம். வோஜ் மலைகளின் இளஞ்சிவப்பு மணற்கல்லால் ஆனது. அந்தச் சிவப்பும் இரும்பு தந்ததுதான். அங்கேயும் சுவர் முழுக்கச் சிற்பம். அங்கேயும் மழை தேய்க்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு கல்தச்சர் பட்டறையே நூற்றாண்டுக் கணக்கில் இயங்கி வருகிறது. தேய்ந்த கல்லைக் கழற்றி, அதே போல் புதிது செதுக்கி வைக்கிறார்கள். மிகப் பழைய சிலைகளைக் காட்சியகத்தில் பத்திரப்படுத்திவிட்டு, வெளியே நகலை நிறுத்துகிறார்கள்.

காஞ்சியில் வேலை இந்தியத் தொல்லியல் துறையுடையது. ஒரு செய்தியை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பழைய கோயிலைப் பழுது பார்க்கச் சிமெண்டை எடுத்துப் பூசினால் நன்மையை விடத் தீமையே அதிகம். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு அடைத்துக்கொள்ளும். அடைபட்ட ஈரம் பக்கத்தில் இருக்கும் மென்கல் வழியாகத்தான் வெளியேறும். போகிற வழியில் உப்பை விட்டுப்போகும். அப்புறம் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியுமே! சிமெண்டு முழுதாக நிற்கும், பல்லவன் காலத்துக் கல் பொடிந்து விழும். பழைய கட்டடங்களுக்குச் சுண்ணாம்பே நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இந்தக் கோயிலைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் பகைவனுக்கும் வந்தது உண்டு. எட்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பகை நாட்டு அரசன். ஆனால் இந்தக் கோயிலைப் பார்த்தபின் அதன் செல்வத்தில் கை வைக்க மனம் வரவில்லை. கோயிலுக்கே விட்டுவிட்டான். அதைக் கன்னடத்தில் கல்வெட்டாகப் பொறித்தது இன்றும் மண்டபத் தூணில் இருக்கிறது. பின்னர் அவனுடைய அரசி லோகமாதேவி பட்டடக்கல்லில் விருபாட்சர் கோயிலைக் கட்டுவித்தார். அதில் நம் காஞ்சிக் கோயிலின் சாயல் தெரியும். அதுவும் மணற்கல் கோயிலே.

சரி, நீ போகும்போது என்ன செய்ய வேண்டும்?

கோயில் கிழக்குப் பார்த்தது. காலையில் போ, அல்லது வெயில் சாய்ந்த பிறகு போ. சாய்வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு செதுக்கலுக்கும் நிழல் கிடைக்கும். உருவங்கள் எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் அதே சிற்பம் தட்டையாகத் தெரியும்.

ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள். ஒரே ஒரு சிங்கத்தைத் தேர்ந்தெடு. எதிரே உட்கார்ந்து வரை. மூக்கு இல்லையென்றால் இல்லாமலே வரை. ஓரத்தில் தேதி எழுது. அடுத்த விடுமுறைக்கும் அதே சிங்கத்திடம் போய் மறுபடி வரை. அதற்கடுத்த விடுமுறைக்கும் வரை. நீ பெரியவன் ஆகும்போது அந்த நோட்டு ஓர் ஆராய்ச்சிக் குறிப்பாக மாறியிருக்கும்.

கையை மட்டும் உன் பக்கமே வைத்துக்கொள். நம் விரலில் வியர்வை இருக்கிறது. வியர்வையில் உப்பு இருக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கிறது. நீ ஒருவன் தொட்டால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். வருகிற ஒவ்வொருவருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. சாய்ந்து நின்று படம் எடுக்காதே. ஓவியத்தின் மீது ஃப்ளாஷ் அடிக்காதே. யாராவது சுவரில் பெயர் கிறுக்குவதைக் கண்டால் பக்கத்தில் போய், “அண்ணா, இது எள்ளுருண்டை மாதிரி உதிர்கிற கல். கிறுக்காதீங்க” என்று மரியாதையாகச் சொல். காரணம் கேட்டால் உப்பின் கதையை முழுக்கச் சொல். உனக்குத்தான் இப்போது தெரியுமே.